நாலுகாய்க் கலவை: மிசௌரிக் கரையில் ஓர் இலையுதிர்கால அடுப்படி

ஒரு சமையல் குறிப்போடு ஆரம்பிக்கலாம். அடுப்பில் மண்பானை, பானையில் தண்ணீர். இரண்டு கையையும் சேர்த்து ஒரே ஒரு அள்ளு உலர்ந்த பீன்ஸ் விதையை அதில் போடவேண்டும். அடுத்தது பரங்கி வற்றல். புல்கயிற்றில் கோத்துக் காயவைத்திருக்கும் அந்தச் சரத்திலிருந்து, முழங்கையில் தொடங்கிக் கட்டைவிரல் நுனி வரைக்கும் வரும் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு, வளையமாகப் பானைக்குள் இறக்கவேண்டும். பரங்கி வெந்ததும் கயிற்றைப் பிடித்து மொத்தமாகத் தூக்கி, மரக்கிண்ணத்தில் போட்டு, கொம்புக் கரண்டியால் மசித்து, திரும்பப் பானையில் சேர்க்கவேண்டும். கயிறு குப்பைக்கு. கடைசியாக, வறுத்து இடித்த மக்காச்சோளமும் வறுத்து இடித்த சூரியகாந்தி விதையும் கலந்த மாவு நாலைந்து அள்ளு. சில நிமிடம் கொதித்தால் இறக்கிவிடலாம். உப்பு கொஞ்சம் போடலாம், ஆனால் வழக்கமில்லை. தனியாக எண்ணெயோ கறியோ தேவையில்லை, சூரியகாந்தி விதையிலிருக்கும் கொழுப்பே போதும்.

இந்தப் பதார்த்தத்துக்குப் பெயர் ‘நாலு காய் கலந்தது’. நம் ஊரில் திருவாதிரைக்கு ஏழுகறிக் கூட்டு என்று எண்ணை வைத்தே பெயர் சொல்கிற மாதிரிதான். இதைச் சொன்னவர் வட அமெரிக்காவில் மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்சா இனத்துப் பாட்டி ஒருவர். அவர் பெயரை ஆங்கிலத்தில் ‘பஃபலோ பேர்ட் உமன்’ என்று மொழிபெயர்த்தார்கள். காட்டெருமைக் கூட்டத்தின் காலடியிலேயே இரை பொறுக்கித் திரியும் ஒரு சின்னப் பறவையின் பெயர் அது. ‘வஹீனி’ என்றும் எழுதுவார்கள். எனக்கு அது எளிதாக இருப்பதால் இங்கே அப்படியே சொல்கிறேன்.

இலையுதிர்காலச் சமையல் என்று தேடினால் இணையத்தில் வந்து கொட்டுவதெல்லாம் ஒரே மாதிரி: பரங்கி சூப், ஆப்பிள் பை, பட்டை வாசனை, மஞ்சள் இலை பரப்பிய மேஜை. அந்தந்தப் பருவத்தில் விளைவதை அப்போதே புதுசாகச் சாப்பிடணும் என்பதுதான் இன்றைய பேச்சு. வஹீனியின் கணக்கு வேற. மேலே சொன்ன கலவைக்குப் பச்சைப் பரங்கி ஆகவே ஆகாது, வற்றல்தான் போடணும் என்று அவர் அழுத்திச் சொல்கிறார். ஏனென்றால் அது பனிக்காலச் சாப்பாடு. இலையுதிர்காலத்தில் விளைந்தது, இலையுதிர்காலத்தில் நறுக்கியது, ஆனால் சாப்பிடுவது பிறகு. அந்த வீட்டில் அந்தப் பருவத்தின் பெரிய வேலை சமைத்துப் பரிமாறுவது இல்லை. எடுத்து வைப்பது.

எடுத்து வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊரின் குளிரைப் பார்க்கணும். இன்றைய வடக்கு டகோட்டா மாநிலம். செப்டம்பரிலேயே உறைபனி விழுந்துவிடக்கூடிய இடம். லூயிஸ், கிளார்க் என்ற இரு படை அதிகாரிகளின் தலைமையில் மேற்குக் கடற்கரையைத் தேடிப் போன அமெரிக்க அரசாங்கத்துக் குழு, 1804-05 குளிர்காலத்தை இந்த மக்களுக்கு அருகில்தான் கோட்டை கட்டிக்கொண்டு கழித்தது. அந்த டிசம்பரில் அவர்கள் வெப்பமானியில் மைனஸ் 40 டிகிரியைத் தாண்டிக் குறித்திருக்கிறார்கள். அந்தக் குழு பிழைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், பக்கத்து ஊர்களான மாண்டன், ஹிடாட்சா கிராமங்களின் குழிகளில் இருந்த மக்காச்சோளம். குழுவிலிருந்த கொல்லர்கள் போர்க்கோடாலி அடித்துக் கொடுத்து, பதிலுக்குச் சோளம் வாங்கினார்கள். அமெரிக்கப் பள்ளிப் பாடங்களில் அந்தப் பயணம் ஒரு வீரகாவியம். சோளத்தைப் பயிரிட்டு, காயவைத்து, குழியில் இறக்கிய பெண்களின் பெயர்கள் அதில் கிடையாது. இந்த மக்களிடையே நிலமும் பெண்களுடையது, விளைச்சலும் பெண்களுடையது, மண்வீடும் பெண்களுடையது.

வஹீனி பிறந்தது 1839 வாக்கில். அவர் தன் பிறப்பை ‘பெரியம்மைக் குளிர்காலத்துக்குப் பிறகு’ என்று கணக்கிட்டுச் சொல்கிறார். 1837-ல் அந்த ஆற்றங்கரையில் பெரியம்மை புகுந்து ஊர் ஊராக அழித்தது. மாண்டன் இனத்தில் மிஞ்சியவர்கள் மிகச் சிலர். ஹிடாட்சாக்களில் பாதிப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து 1845 வாக்கில் ஆற்றின் மேல்பக்கம் புதிதாக ஒரு கிராமம் கட்டினார்கள். ஆறு தூண்டில் முள் மாதிரி வளையும் இடம் என்பதால் அதற்குத் ‘தூண்டில்வளைவு’ என்ற பொருளில் பெயர். வஹீனி வளர்ந்தது அங்கே. ஆறு வயது வாக்கில் தாய் இறந்துவிட, தாயின் சகோதரிகளும் பாட்டியும் வளர்த்தார்கள். அந்த மொழியில் தாயின் சகோதரியும் அம்மாதான். பெரியம்மா, சின்னம்மா என்று கூப்பிடும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை, ஆங்கில வாசகருக்குத்தான் அடிக்குறிப்பு வேண்டியிருக்கு.

பாட்டியின் பெயர் ‘ஆமை’. இரும்பு மண்வெட்டி ஊருக்குள் வந்த பிறகும் தன் மரக்கழியையும், காட்டெருமைத் தோள்பட்டை எலும்பால் செய்த மண்வெட்டியையும் விடாமல் வைத்திருந்தவர். அந்த எலும்பு மண்வெட்டியைப் பிள்ளைகள் தொட்டால் திட்டு விழும். வஹீனியின் வேளாண்மை அறிவு அந்தப் பாட்டியிடமிருந்தும் அம்மாக்களிடமிருந்தும் வந்தது.

அது நம் கைக்கு வந்த வழி கொஞ்சம் விசித்திரம். கில்பர்ட் வில்சன் என்ற பிரெஸ்பிட்டீரியன் பாதிரியார் 1906 முதல் பல ஆண்டுகள் கோடை தோறும் ஃபோர்ட் பெர்தோல்ட் ஒதுக்கீட்டுப் பகுதிக்குப் போய் வந்தார். வஹீனிக்கு ஆங்கிலம் வராது. அவர் மகன் எட்வர்ட் குட்பேர்ட் மொழிபெயர்த்தார். வில்சன் அதை மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். 1917-ல் ‘ஹிடாட்சா இந்தியர்களின் வேளாண்மை’ என்று புத்தகமாக வந்தது. ஆய்வேடு என்றால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை இது. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ‘நான் இப்படிச் செய்தேன், என் அம்மாக்கள் அப்படிச் செய்தார்கள்’ என்று ஒரு கிழவி பேசிக்கொண்டே போகிறார். வில்சன் முடிந்த அளவு ஒதுங்கி நிற்கிறார். அந்தக் காலத்து மானுடவியல் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். பெரும்பாலானவற்றில் ஆராய்ச்சியாளர் மட்டும்தான் பேசுவார், மற்றவர்கள் எலும்புக்கூடு மாதிரி வரிசையாகக் கிடப்பார்கள்.

சரி, அவருடைய இலையுதிர்காலத்துக்குள் போவோம். உண்மையில் அது ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் இளசான மக்காச்சோளம். பால் பிடித்துக் கொஞ்சம் முற்றிய கதிர்களை அவித்து, மணிகளை உதிர்த்து, வெயிலில் காயவைப்பார்கள். அந்த நாட்களில் வயலில் மரத்தால் ஒரு பரண் கட்டி, பெண்பிள்ளைகள் அதில் உட்கார்ந்து காக்கையையும், அதைவிடப் பெரிய தொல்லையான பையன்களையும் விரட்டுவார்கள். விரட்டும் நேரம் போக மீதி நேரம் பாட்டு. சோளம் தாங்கள் பெற்ற பிள்ளை மாதிரி, தாய் பிள்ளைக்குப் பாடுவது மாதிரி நாங்கள் சோளத்துக்குப் பாடினோம் என்கிறார். தினைப்புனம், பரண், ஆலோலம், வள்ளி என்று நமக்கு உடனே வரிசையாக ஞாபகம் வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தம் எதுவும் இல்லை. கதிர் விளையும் காட்டோரத்தில் பறவை இருக்கும், பறவையை விரட்டப் பெண்பிள்ளையை அனுப்புவார்கள், தனியாக இருந்தால் பாடத்தானே தோன்றும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வாக்கில் பரங்கி அறுவடை. நாம் சந்தையில் பார்க்கிற முற்றிய மஞ்சள் பரங்கியை மனதில் வைத்துக்கொண்டால் இது புரியாது. இவர்கள் வற்றலுக்குப் பறித்தது பிஞ்சு. பூவிழுந்து நாலு நாள் ஆனது. நாலு நாளைக்கு ஒருமுறை விடிவதற்குமுன் கூடையோடு வயலுக்குப் போனால், போன தடவை பூவாக இருந்ததெல்லாம் இந்தத் தடவை கைக்கு அடக்கமான காயாக இருக்கும். விட்டுப்போனது முற்றிவிடும், முற்றியது வற்றலுக்கு ஆகாது. எனவே இது ஒரே நாளில் முடிகிற அறுவடை இல்லை. வாரக்கணக்கில் நீளும், நடுவில் ஒரு முறை தவறினாலும் நட்டம்.

பறித்து வந்ததை நறுக்குவதற்குத் தனிக் கத்தி. காட்டெருமைத் தோள்பட்டை எலும்பின் மெல்லிய பகுதியில் வெட்டியெடுத்தது. அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் வட்ட வட்டமாக நறுக்கி, வில்லோ மரக்குச்சிகளில் ஒன்றையொன்று தொடாமல் குத்தி, வீட்டு வாசலில் இருக்கும் உயரமான உலர்த்து மேடையில் வைப்பார்கள். விளைச்சல் அதிகமானால் ஊர்க் கிழவிகளையும் கூப்பிடுவார்கள். கிழவிகள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கினால் என்னென்ன பேச்சு வரும் என்று சொல்லவே வேண்டாம். ஓரளவு காய்ந்ததும் குச்சியிலிருந்து எடுத்துப் புல்கயிற்றில் கோப்பார்கள்.

இந்தக் கயிற்றின் நீளத்தைப் பற்றி அவர் சொல்லும் இடத்தில்தான் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரு சரம் ஏழு பாகம். பாகம் என்று நான் எழுதக் காரணம், அவர் கொடுக்கும் விளக்கம் அப்படியே நம் கடற்கரை மீனவர்கள் சொல்லும் பாகம்தான்: இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை. ஒரே வித்தியாசம், இங்கே அது பெண்ணுடைய கை. சமையலுக்கு அந்தச் சரத்தில் வெட்டும் அளவு, கட்டைவிரல் வரைக்கும் ஒரு குட்டி முழம். பீன்ஸ் ஒரு அள்ளு. மாவு நாலைந்து அள்ளு. அவருடைய அடுப்படியில் தராசும் இல்லை, படியும் இல்லை, ஆனால் அளவு துல்லியமாக இருக்கு. பூக்காரம்மாவிடம் முழத்துக்குச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: முழம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒரு வீட்டுக்குள், ஒரே பெண் கயிறு அளந்து, அவளே சரம் கோத்து, அவளே வெட்டிப் பானையில் போடும்போது அந்தக் குறை காணாமல் போய்விடுகிறது. கூடவே இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. சரத்துக்கு எத்தனை வெட்டு, குழியில் எத்தனை சரம் என்று தெரிந்தால், பனிக்காலத்தில் எத்தனை நாளைக்குப் பானை ஏற்றலாம் என்று தெரிந்துவிடும்.

அந்த ஒரு அள்ளு பீன்ஸ் பற்றியும் சொல்லியாகணும். குடும்பம் பெரிசானாலும் சிறிசானாலும் அந்த அளவு மட்டும் மாறவே மாறாதாம். காரணம் வாயு. கூடப் போட்டால் வயிறு ஊதிக்கொள்ளும் என்று நேராகவே சொல்கிறார். பெருங்காயம் தெரியாத ஊரில் வேறு என்ன செய்யமுடியும்?

பரங்கிப் பூவையும் விடவில்லை. காலையில் விரிந்த பூக்களில் அடியில் காய் இல்லாததாகப் பார்த்துப் பறித்து, புல்மேல் பரப்பிக் காயவைத்து, பனிக்காலத்தில் மற்ற உணவோடு சேர்த்து வேகவைப்பார்கள். அடியில் காய் இல்லாதது என்றால் ஆண்பூ. மார்கழியில் கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்கு வைக்க நம் வீட்டுப் பாட்டிகளும் பார்த்துப் பறிப்பது ஆண்பூவைத்தான். பெண்பூவைப் பறித்தால் காய் போச்சு.

பரங்கிக்காய் என்று நாம் சொல்லும்போது ‘பறங்கி’ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொண்டுவந்து கொடுத்தவன் பெயர் காய்க்கு நின்றுவிட்டது. ஆனால் அதன் பிறப்பிடம் பறங்கி நாடு இல்லை. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் கிலா நாக்கிட்ஸ் என்ற குகையில் கிடைத்த பூசணி இனத்து விதைகள் சுமார் 10,000 ஆண்டுப் பழையவை. மனிதர் கையில் பழகிய விதைகள். சோளம் கூட அதற்குப் பிறகுதான். அங்கிருந்து வடக்கே ஒவ்வொரு கிராமமாக, ஒவ்வொரு குளிராகப் பழகிப் பழகி, மிசௌரிக் கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது. சூரியகாந்தி மட்டும் வட அமெரிக்காவிலேயே பயிராக்கப்பட்டது. அந்த நாலுகாய்க் கலவையின் நான்கும் அமெரிக்கப் பூர்வகுடிகள் உண்டாக்கியவை. இன்று நம் ஊரில் நான்குமே இருக்கு: கூட்டில் பரங்கி, கோழித் தீவனத்தில் மக்காச்சோளம், சமையல் எண்ணெயில் சூரியகாந்தி, குருமாவில் பீன்ஸ். நான்கும் நம் வீட்டில் ஒரே பானைக்குள் சந்தித்ததில்லை, அவ்வளவுதான்.

வற்றல் நமக்குப் புதுசில்லை. ஆனால் நமக்கு வற்றலின் காலம் சித்திரை, வைகாசி. காயும் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஐப்பசி அடைமழைக்குக் கையில் ஏதாவது இருக்கணும் என்ற கவலைதான். ஹிடாட்சாப் பெண்களுக்கு வெயில் குறைந்துகொண்டே வரும் காலத்தில் காயவைக்கவேண்டிய கட்டாயம். அறுவடையும் உலர்த்தலும் உறைபனியும் ஆறேழு வாரத்துக்குள் நெருக்கியடிக்கும்.

மக்காச்சோளம் முற்றியதும் தோல் உரிக்கும் விருந்து. வயலில் கதிர்களை மலையாகக் குவித்துவிட்டு, இன்ன வீட்டு வயலில் இன்றைக்கு உரிப்பு என்று செய்தி சொல்லுவார்கள். இளவட்டப் பையன்கள் நன்றாக உடுத்திக்கொண்டு கூட்டமாக வருவார்கள். கறி வேகவைத்துப் போடுவார்கள். வேலைக்குத்தான் வந்தார்களா என்று கேட்டால், அந்த வயலில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது என்பது மாதிரிச் சொல்லிச் சிரிக்கிறார் வஹீனி. நல்ல கதிர்களைத் தனியாகப் பொறுக்கி, தோலை வைத்தே ஜடை மாதிரிப் பின்னுவார்கள். ஒரு ஜடைக்கு 54 அல்லது 55 கதிர். அதுதான் விதைச்சோளத்துக்கும் முதல் தேர்வு. விதையை ஒரு ஆண்டுக்கு மட்டும் இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு எடுத்துவைப்பது வழக்கம். ஒரு வருடம் பனி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கருக்கிவிட்டால், அடுத்த வருடம் விதைக்கு யாரிடம் போவது?

பீன்ஸைக் கொடியோடு பிடுங்கிக் காயவைத்து, விரித்த தோலின்மேல் போட்டு மிதித்துத் தூற்றுவார்கள். சூரியகாந்தியை வசந்தத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வயல் ஓரத்தில் விதைத்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் அறுப்பார்கள்.

பிறகு குழி. இதை விவரிக்க அவர் எடுத்துக்கொள்ளும் பொறுமையைப் பார்த்தால், அந்த வீட்டின் மையம் அடுப்பு இல்லை, குழிதான் என்று தோன்றுகிறது. ஜாடி வடிவம்: வாய் குறுகல், அடி அகலம், உள்ளே இறங்க ஏணி வேண்டும் அளவுக்கு ஆழம். தரையில் காய்ந்த குச்சிகளும் புல்லும். சுவரெல்லாம் புல். சுவரை ஒட்டிச் சோள ஜடைகள் சுற்றிலும் அடுக்கு. நடுவில் உதிர்த்த சோளம். அந்தச் சோளத்துக்கும் நடுவில், எந்தப் பக்கத்துச் சுவரும் தொடாத இடத்தில், சுருட்டி வைத்த பரங்கி வற்றல் சரங்கள். ஈரம் பட்டால் முதலில் கெடுவது வற்றல், எனவே அதற்குச் சோளமே காவல். நம்மூரில் நெற்குதிருக்குள் புளியையும் பழத்தையும் புதைத்து வைக்கிற புத்தி. வாயை மூடி, மேலே மண் போட்டு, சாம்பலும் குப்பையும் தூவி, அங்கே ஒரு குழி இருக்கிறதே தெரியாமல் செய்துவிடுவார்கள். ஏனென்றால் கடுங்குளிரில் இவர்கள் காற்றுக்கு மறைவான காட்டுப்பக்கக் குடியிருப்புக்குப் போய்விடுவார்கள். ஆளில்லாத ஊருக்குள் எதிரிகள் வந்து தேடுவார்கள். குழி கிடைத்துவிட்டால் வசந்தத்தில் திரும்பி வருபவர்களுக்குப் பானையில் போட எதுவும் இருக்காது.

இவ்வளவும் சேர்ந்துதான் அந்த நாலுகாய்க் கலவை. ‘எளிய வீட்டுச் சமையல்’ என்ற சொற்றொடரை நான் இப்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். பானைக்கு முன்னால் நிற்கும் அரைமணி நேரத்தை மட்டும் பார்த்தால் இதைவிட எளிய சமையல் கிடையாது. நறுக்கலே இல்லை, தாளிப்பு இல்லை. நறுக்கல் எல்லாம் நாலு மாதத்துக்கு முன்பே, வாசல் மேடைக்குப் பக்கத்தில், எலும்புக் கத்தியோடு நடந்து முடிந்துவிட்டது.

1880-களில் அரசாங்கம் இவர்களைக் கிராமத்தைக் காலி செய்யவைத்து, குடும்பத்துக்கு இவ்வளவு நிலம் என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தது. ஆற்றங்கரையின் இளகிய மண்ணில் மண்வெட்டியால் விவசாயம் செய்தவர்களிடம், மேட்டுநிலப் புல்வெளியைக் கலப்பையால் உழச் சொன்னார்கள். அந்த மண் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடும், சோளத்துக்கு ஏற்றதில்லை என்பது வஹீனியின் கருத்து. புது விதைகளும் கொடுத்தார்கள். உருளைக்கிழங்கின் வாடையே முதலில் யாருக்கும் பிடிக்கவில்லையாம்! 1911-ல் அரசாங்க அதிகாரி அந்த ஒதுக்கீட்டுப் பகுதியில் ஒரு விவசாயக் கண்காட்சி நடத்தினார். சிறந்த சோளத்துக்குப் பரிசு. வஹீனி தன் சோளத்தை அனுப்பினார். நிலத்தை உழுததைத் தவிர மற்றதெல்லாம் பழைய முறை, மண்வெட்டி வேலை. முதல் பரிசு அதற்குத்தான். வெள்ளைக்காரர் கற்றுக்கொடுத்த முறையைவிட எங்கள் முறையே மேல் என்று எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பாட்டி சொல்லும்போது, அது வெறும் பழம்பெருமைப் பேச்சு இல்லை. கையில் பரிசு இருக்கு.

1932-ல் வஹீனி இறந்தார். அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாமல் போனது நல்லதென்றே நினைக்கிறேன். மிசௌரி ஆற்றின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த கேரிசன் அணையைக் கட்டினார்கள். நீர்த்தேக்கம் எங்கே நிற்கும் என்று பார்த்தால், சரியாக இந்த மூன்று இனத்தாரின் (மாண்டன், ஹிடாட்சா, அரிகரா) ஆற்றங்கரை நிலத்தில். 1948 மே மாதம் வாஷிங்டனில் நிலத்தைக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. உள்துறைச் செயலர் மேஜையில் குனிந்து கையெழுத்திடுகிறார், சுற்றிலும் கோட்டு போட்ட அதிகாரிகள். அவர்களுக்கு நடுவில் பழங்குடிக் குழுவின் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுகிறார். 1953-ல் தண்ணீர் ஏறத்தொடங்கியது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் போனது. மிச்சமிருந்த மேட்டு நிலம், வஹீனி சோளத்துக்கு ஆகாது என்று சொன்ன அதே நிலம்.

தூண்டில்வளைவுக் கிராமம் இருந்த இடமும் இப்போது தண்ணீருக்கு அடியில். மூழ்குவதற்குமுன் தொல்லியலாளர்கள் அவசர அவசரமாகத் தோண்டி, வீட்டுத் தடங்களையும் குழிகளையும் குறித்துக்கொண்டார்கள். அந்த ஏரிக்கு வைத்த பெயர் சகாகவேயா. லூயிஸ், கிளார்க் குழுவோடு கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு போன பெண், அந்தக் குழு சந்தித்தபோது ஹிடாட்சாக் கிராமத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள். ஊரை மூழ்கடித்த ஏரிக்கு அந்த மக்களோடு வாழ்ந்தவளின் பெயர். இப்படியெல்லாம் யோசிக்க ஒரு தனி அலுவலகம் வைத்திருப்பார்கள் போல.

நிலம் போனாலும் விதை முழுக்கப் போகவில்லை. பிஸ்மார்க் நகரில் விதைக்கடை நடத்திய ஆஸ்கர் வில் என்பவர், 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே இந்த மக்களிடமிருந்து விதைகள் வாங்கிப் பெருக்கி விற்றார். ஃபோர்ட் பெர்தோல்டிலிருந்து ஒரு ஹிடாட்சாக்காரர் கொடுத்த வெள்ளை பீன்ஸுக்கு அவர் ‘கிரேட் நார்தர்ன்’ என்று பெயர் வைத்தார். இன்று அமெரிக்காவில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் அது டப்பாவில் கிடைக்கும். ‘ஹிடாட்சா ஷீல்டு ஃபிகர்’ என்ற பெயரில் இன்னொரு பீன்ஸைப் பாரம்பரிய விதை சேகரிப்பவர்கள் காப்பாற்றி வருகிறார்கள். ‘அரிகரா’ என்ற பெயரில் ஒரு பரங்கியும் உண்டு. வில்சனின் ஆய்வேடு 1987-ல் ‘பஃபலோ பேர்ட் உமனின் தோட்டம்’ என்ற தலைப்பில் மறுபதிப்பாக வந்தது. அதை மானுடவியல்காரர்களைவிட அதிகமாக வாங்குவது வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள்தான் என்று நினைக்கிறேன், எந்த விதையை எவ்வளவு இடைவெளியில் போடுவது என்பது வரை அதில் இருக்கிறதே.

நம் அடுப்படியில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பரங்கிப் பிஞ்சு சந்தையில் லேசில் கிடைக்காது, கொடி வைத்திருப்பவர்களிடம் சொல்லி வைக்கணும். மெல்லிசாக நறுக்கி, நல்ல வெயிலில் சத்தம் வரக் காய்ந்தால் போதும், மோர் வேண்டாம், உப்பு வேண்டாம். மக்காச்சோளமும் தோல் நீக்கிய சூரியகாந்தி விதையும் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, கொரகொரவென்று இடித்துக்கொள்ளுங்கள். மாவை அன்றன்றைக்கு இடிப்பதுதான் அவர் வழக்கம், மீதி வைப்பதில்லை. பீன்ஸுக்குப் பதில் வெள்ளை ராஜ்மா சரியாக வரும். உங்கள் இரண்டு கையால் ஒரு அள்ளு. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அதற்கு மேல் வேண்டாம்.